பூமிக்குப் பவுடர் பூசிய கொன்ஸ்ரன்ரைன்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து இலங்கைக்குப் போன மாப்பிள்ளைப் படங்களை யாராவது ஒரு மேசையில் பரப்பிப் பார்த்திருந்தால் ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். ஆள் வேறு, ஊர் வேறு, சமயம் வேறு. கோட்டு மட்டும் ஒன்று. நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், அவற்றில் ஒன்று மட்டும் கறுப்பு. பின்னால் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு பணக்கார வீடு. பக்கத்தில் ஒரு சிவப்புக் கார். கோட்டு கொன்ஸ்ரன்ரைனுடையது. வீடும் காரும் யாருடையவை என்று அவருக்கும் தெரியாது.

கொன்ஸ்ரன்ரைன் மன்னார்த் தீவில் பேசாலை என்ற ஊர்க்காரர். வாரநாட்களில் லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா ஃபிக்கரோத்தா என்ற ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியையின் வீட்டில் தரை துடைப்பார், கத்தரிக்காய் பொரிப்பார், சிஞ்ஞோரா வானொலியோடு சண்டை பிடிக்கும்போது நடுவராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் படப்பிடிப்பாளர். தோளில் கமரா, பைக்குள் கோட்டு, சீப்பு, பவுடர் ரின், கோட்டை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்க உடுப்புக் கிளிப்புகள். கோட்டு முன்பக்கம் எல்லோருக்கும் அளவாக இருக்கும். பின்பக்கத்தைப் பார்ப்பது அந்த வீட்டுக்காரரின் தலைவிதி.

படம் கழுவி வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். மெல்லிய தூரிகை ஒன்றையும் நாலைந்து மைக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு யன்னலடியில் உட்காருவார். இதற்கு எங்கள் ஆட்கள் ‘ரச் பண்ணுறது’ என்பார்கள். பரு போகும், தழும்பு போகும், நரை போகும், நெற்றியில் பிளாஷ் அடித்த எண்ணெய்ப் பளபளப்பு போகும். சில வேளை ஆளே போய்விடுவார். ஜோக்கிம் என்பவர் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிக்கென்று எடுப்பித்த படத்தை இவர் வழக்கம்போல் ரச் பண்ணிக் கொடுக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் இருந்த அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீ போய் உன் தம்பியை அனுப்பு” என்றாராம்.

மகேந்திரராசாவின் கதை இதைவிடப் பெரியது. மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவர். தலையில் ஒரு முடி இல்லை. கொன்ஸ்ரன்ரைன் அவருக்கு அலை அலையாகத் தலைமயிர் வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லி வந்திறங்கிய இராசேஸ்வரி, விமான நிலையத்தில் மகேந்திரராசாவைக் கடந்து போய், மூலையில் நின்ற சுருட்டைத் தலை இத்தாலியன் ஒருவனைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணம் நடந்து, பிள்ளையும் பிறந்தது. இருந்தும் இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், “எனக்குப் பேசின மாப்பிள்ளை இன்னும் வந்து சேரேல்லை” என்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது வரைக்கும் கலியாணம் ஆகவில்லை. தன் முகத்தை அவர் அறிவார். முன் தலை வழுக்கை. இடது புருவத்தில் தொடங்கிக் கன்னம் வரை ஒரு தழும்பு. அது போரில் வந்த தழும்பு என்று பலர் மரியாதையோடு நினைத்தார்கள்; அவரும் மறுக்கவில்லை. உண்மையில் சைக்கிளில் கையை விட்டு ஓடிக் காட்டப்போய், முள்ளுக்கம்பி வேலியில் வாங்கியது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில், கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருந்த அவரது அக்கா யோசப்பின் ஒரு சம்பந்தம் பேசினாள். பெண் பெயர் யூலியானா. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வத்தளையில் தையல் வகுப்பு நடத்துகிறவள். முப்பத்தைந்து வயது, நல்ல சிரிப்பு, கூர்மையான வாய். தொலைபேசியில் யோசப்பினுக்குப் பின்னால் ஒருமுறை அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. அவ்வளவுதான். கொன்ஸ்ரன்ரைன் மொண்டெல்லோவுக்குப் போய், கமராவைச் சுவரில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய்ச் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று மாலைகள் யன்னலடியில் இருந்து ரச் பண்ணினார். அவர் கையால் செய்த வேலைகளிலேயே சிறந்தது அது என்று அவருக்கே தோன்றியது. அனுப்பிவைத்தார்.

செப்டம்பரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து அக்காவுக்கு எடுத்தார்.

“படம் கிடைச்சுதோ அக்கா?”

“கிடைச்சுது, கிடைச்சுது. அவளிட்டைக் காட்டினன்.”

“என்ன சொன்னவ?”

“பலெர்மோவிலை மொத்தம் ஒரு கோட்டுத்தானோ இருக்கெண்டு கேட்டவள்.”

கொன்ஸ்ரன்ரைனுக்கு விஷயம் விளங்கியது. தையல் வகுப்பில் படிக்கும் பெட்டைகள் தங்களுக்கு வந்த மாப்பிள்ளைப் படங்களை ரீச்சரிடம் காட்டுவது வழக்கம். முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் தையல்காரி உடுப்பைத்தான் பார்ப்பாள். நாலு மாப்பிள்ளைகள், ஒரே கறுப்புப் பொத்தான். ஐந்தாவது அவளுக்கே வந்தவர்.

“அதோடை, நீ எப்பிடிப் படம் எடுக்கிறனியெண்டும் அவளுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். ‘அவரின்ரை கை படாத படம் ஒண்டு வேணும். வந்தால் யோசிக்கிறன், வராட்டில் விடுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டாள். தம்பி, நல்ல பிள்ளையடா. கெடுத்துப்போடாதை.”

அன்றிரவே கோட்டில்லாமல், ரச் இல்லாமல் ஒரு படம் எடுத்தார். கழுவி வந்ததைப் பார்த்தார். மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். இந்த முகத்தை அனுப்பினால் கலியாணம் போய்விடும்; அனுப்பாவிட்டாலும் போய்விடும். எந்த வழியில் போனால் மரியாதையாகப் போகும் என்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

இந்த நேரத்தில்தான் சிஞ்ஞோராவுக்குப் பூமியின் ஞாபகம் வந்தது.

சிஞ்ஞோராவின் வீட்டு நடையில் வரிசையாகச் சில சட்டங்கள் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே ஆள்: பூமி. அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி எழுதி இருபது முப்பது வருடங்களாகச் சிஞ்ஞோரா வரவழைத்தவை. முதலாவது, நாற்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில் எடுத்தது. போரில் ஜெர்மன்காரரிடமிருந்து பிடித்த ரொக்கெற்றின் தலையில் ஒரு சினிமாக் கமராவைக் கட்டி, அமெரிக்கப் பாலைவனம் ஒன்றிலிருந்து மேலே விட்டார்கள். அது விண்வெளியின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பித் தலைகுப்புற விழுந்தது. கமரா தூள்; பிலிம் இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. பூமி எடுப்பித்த முதல் படம் அது. பவுடர் பூசவில்லை, சிரிக்கவில்லை, முழு முகமும் விழவில்லை. கறுப்பு வானத்துக்குக் கீழே வளைந்த ஒரு தோள் மட்டும் தெரியும்.

இரண்டாவது, ஐம்பத்தொன்பதில் செய்மதி ஒன்று எடுத்த முதல் படம். பசிபிக் கடலும் மேகமும் என்று கீழே எழுதியிருந்தது. எழுதாவிட்டால் மழை ஒழுகிய சுவர் என்பார்கள். அடுத்தது வானிலைச் செய்மதி அனுப்பிய, தொலைக்காட்சியில் புள்ளியடித்த மாதிரி ஒன்று. பிறகு அறுபத்தாறில் சந்திரனுக்குப் பக்கத்தில் போன கமரா திரும்பிப் பார்த்து எடுத்தது: சந்திரனின் விளிம்புக்கு மேலே பாதிப் பூமி, கீற்றுக் கீற்றாகக் கோடு விழுந்து, யன்னல் தட்டிக்குள்ளால் எட்டிப் பார்க்கும் பெண்பிள்ளை மாதிரி. அதே வருடம், சிறிய கலம் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் கைக் கமராவால் எடுத்த வண்ணப் படம்: இந்தியாவின் தென்கோடி, கீழே வலது பக்கம் இலங்கை, மேலே பொரி கொட்டியது போல் மேகம். கடைசியாக எழுபத்திரண்டில் எடுத்த முழு வட்டப் பூமி. உண்மையில் அது தெற்கு மேலே இருக்கத் தலைகீழாக எடுபட்ட படம். உலகத்துக்குக் காட்ட முன்னர் நிமிர்த்திவிட்டார்கள். கலியாணத்துக்குக் கொடுக்கிற படம் என்றால் யார்தான் அந்த அளவு உதவி செய்ய மாட்டார்கள்?

“முதல் படத்துக்கு இந்த ஒக்டோபரில் ஐம்பது வருசம்” என்றார் சிஞ்ஞோரா. “ஒரேத்தோவிலை நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை கண்காட்சி வைக்கப்போறன். இதுகள் சின்னப் படங்கள், பின்னுக்கு நிக்கிற ஆளுக்குத் தெரியாது. நீ இதுகளைப் படமெடுத்துப் பெரிசாக்கித் தா, கொஸ்தான்தீனோ.” அவர் பேசியது இத்தாலியன்தான்; பெயரையும் அப்படித்தான் உச்சரிப்பார். தமிழில் எழுதும்போது பாதிச் சூடு ஆறிவிடுகிறது.

கொன்ஸ்ரன்ரைன் பெருக்கிய படங்களை யன்னலடியில் வைத்துப் பார்த்தார். இந்த நிலையிலா ஒரு முகத்தை நாலு பேருக்கு முன்னால் வைப்பது? சிஞ்ஞோரா சம்பளம் தரும் ஆள் மட்டுமல்ல, காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவர். அவருடைய பூமியை இப்படி விடலாமா? தூரிகையை எடுத்தார்.

முதல் படத்தில் வானத்துப் புள்ளிகளையெல்லாம் கறுப்பால் அடைத்தார். சந்திரப் படத்தில் கோடு கோடாக இருந்ததை அழித்து மழமழப்பாக்கினார். மழை ஒழுகிய சுவர்தான் பெரும்பாடு. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. உலகப்படப் புத்தகத்தைப் பார்த்துக் கரைகள் கீறி ஒரு முகம் கொடுத்தார். முழு வட்டப் பூமியைக் கண்டதும் நிம்மதி: வசதியான வீட்டுப் பெண் மாதிரி, அதிகம் செய்ய வேண்டியதில்லை. கீழே நாடியில் மட்டும் பிளாஷ் பட்டு வெள்ளையாகப் பளபளத்தது. அதை எடுத்துவிட்டுக் கடலோடு சேர்த்து நீலமாக்கினார்.

இலங்கைப் படத்துக்குத்தான் அதிக நாட்கள் எடுத்தன. மேகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மேகத்துக்குக் கீழே இருந்திருக்க வேண்டியதை ஞாபகத்திலிருந்து வரைந்தார். பேசாலைக்காரரின் ஞாபகம் எங்கே போகும்? மன்னார்த் தீவு நன்றாக, நீளமாக, தெளிவாக வந்தது. இடம் போதாததால் யாழ்ப்பாணம் கொஞ்சம் ஒடுங்கியது.

கலியாண அல்பத்தை வேலை முடியும்வரை யாருக்கும் காட்டாதது அவருடைய தொழில் பழக்கம். ஆகவே சிஞ்ஞோராவுக்கும் காட்டவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் தானே தொங்கவிட்டு, கட்டில் விரிப்புகளால் மூடினார். மகேந்திரராசா குடும்பத்துக்கும் சொல்லி வைத்தார்: “ஆகாயத்திலையிருந்து எங்கடை ஊர் தெரியிற படம் இருக்கு, வாங்கோ.” வானவியலுக்கு வராத ஆட்கள் ஊரைத் தேட வருவார்கள்.

விரிப்புகள் இழுபட்டன. மண்டபம் “ஆ” என்றது. சிஞ்ஞோரா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படம் படமாக நடந்து, கடைசிப் படத்தில் நின்றார்.

“கொஸ்தான்தீனோ. அந்தார்த்திக்கா எங்கை?”

“எந்தப் பக்கம் இருந்தது, சிஞ்ஞோரா?”

“கீழை! வெள்ளையாய்!”

“அதோ... பிளாஷ் வெளிச்சமெண்டு நினைச்சு எடுத்துப்போட்டன்.”

“அங்கை ஆரடா பிளாஷ் அடிச்சது?”

கொன்ஸ்ரன்ரைன் நேர்மையாக யோசித்துச் சொன்னார்: “சூரியன், சிஞ்ஞோரா.”

பின்வரிசையில் மாணவர்கள் சிரித்துப் புரண்டார்கள். நிலைமையை இன்னும் மோசமாக்க, பள்ளித் தலைமை ஆசிரியர் ஓடிவந்து சிஞ்ஞோராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்பத்தாறாம் ஆண்டிலேயே இவ்வளவு தெளிவாகப் படமெடுத்திருக்கிறார்களே, இன்றைய தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது என்று வியந்தார். சிஞ்ஞோராவின் முகம் தக்காளியாகியது.

“நீ இதை ஆருக்குக் கலியாணம் பேசப்போறாய்?” என்று கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்துக் கத்தினார். “உன்ரை ஞாயிற்றுக்கிழமை வேலையளை நான் அறிவன். அந்தப் புள்ளியும் கோடும் அழுக்கெண்டோ நினைச்சாய்? விழுந்து நொறுங்கினது புள்ளியாய் இருக்கு. சந்திரனிலையிருந்து துண்டு துண்டாய் அனுப்பினது கோடாய் இருக்கு. இந்தப் படங்களைத்தான் நான் முப்பது வருசமாய் நம்பினனான், இதுகளாலை எனக்குப் பொய் சொல்ல ஏலாது எண்டு. ஓடு! வீட்டுச் சுவரிலை கிடக்கிறதுகளைக் கொண்டா!”

கொன்ஸ்ரன்ரைன் ஓடினார். பேருந்தில் மடியில் பூமிகளை அடுக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மகேந்திரராசா இலங்கைப் படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“டேய் தம்பி, உன்ரை மன்னார் யாழ்ப்பாணத்தை விடப் பெரிசோ?”

“பக்கத்திலையிருந்து பாத்தால் அப்பிடித்தான் அண்ணை.”

“ஆகாயத்திலையிருந்து எடுத்தது எண்டெல்லோ சொன்னனீ!”

இராசேஸ்வரி அந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டு, “இது ஆரின்ரை ஊரோ தெரியாது” என்றாள். கொன்ஸ்ரன்ரைன் அதைக் கழற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன, மங்கிய, மேகம் மூடிய படத்தை அந்த ஆணியில் மாட்டினார். அவள் கிட்டப் போனாள். சட்டத்துக் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போனாள்.

“ஓம். இது எங்கடை” என்றாள். “ஒண்டும் தெரியேல்லை. ஆனால் இது எங்கடைதான்.”

“ஒண்டும் தெரியாட்டில் எப்பிடி எங்கடை எண்டு சொல்லுவாய்?” என்றார் மகேந்திரராசா.

“உங்களை எப்பிடிச் சொன்னனான்? அண்டைக்குப் படத்திலை இருந்த ஆளைத் தேடித் திரிஞ்சன், காணேல்லை. பேந்து பாத்தால் காலமையிலையிருந்து பசி கிடந்து, எனக்கெண்டு ஒரு பாண் துண்டைப் பேப்பரிலை சுத்திக் கையிலை வைச்சுக்கொண்டு ஒரு மொட்டை நிண்டுது. பாண் நசிஞ்சு சப்பளிஞ்சு போச்சு. இந்த ஆளாய்த்தான் இருக்கவேணும் எண்டு நினைச்சன்.” கொன்ஸ்ரன்ரைன் பக்கம் திரும்பினாள். “நீ வைச்ச மயிரைப் பாத்து நான் ஓம் எண்டனான், தம்பி. இஞ்சை நிண்டிட்டது அந்த மொட்டைக்காகத்தான்.”

மகேந்திரராசா தலையைத் தடவிக்கொண்டார். அதைப் பாராட்டாக எடுப்பதா, இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் வீட்டு நடையில் சட்டங்களைத் திரும்ப மாட்டும்போது சிஞ்ஞோராவின் கோபம் இன்னும் ஆறவில்லை. கொன்ஸ்ரன்ரைன் கமராவைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சிஞ்ஞோரா, என்னை ஒரு படம் எடுங்கோ.”

“நான் கமரா பிடிச்சதில்லை.”

“அதுதான் வேணும்.”

சிஞ்ஞோராவுக்குக் கை நடுங்கும். கொன்ஸ்ரன்ரைன் ஏணிக்குப் பக்கத்தில், ஏப்ரனோடு, சுத்தியலைக் கையில் வைத்தபடி நின்றார். “சிரிக்கவோ?” என்று கேட்டார். “பூமி சிரிச்சதோ?” என்றார் சிஞ்ஞோரா. அதைக் கேட்டுக் கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா பொத்தானை அழுத்தினார். படம் சரிந்து, கொஞ்சம் ஆடி, வழுக்கை பளபளக்க, தழும்பு முழுசாக விழுந்தது. பளபளப்பை எடுத்துவிடவா என்று கை துறுதுறுத்தது. தபாலுறைக்குள் வைத்து ஒட்டி, தபால்பெட்டிக்குள் போட்ட பிறகும் துறுதுறுத்தது.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிட வேண்டும். ரச் பண்ணிய அந்தப் பெரிய இலங்கைப் படத்தைச் சிஞ்ஞோரா குப்பையில் போடச் சொன்னார். ஜோக்கிம் கேள்விப்பட்டு வந்து வாங்கிக்கொண்டு போனார். மன்னார்க்காரர் இன்னும் சிலரும் தங்களுக்கு ஒவ்வொரு பிரதி வேண்டும் என்று கேட்டார்கள். மேகமில்லாத சொந்த ஊரை விரும்பாதவர் யார்? பலெர்மோவில் சில வரவேற்பறைகளில் யாழ்ப்பாணத்தை விடப் பெரிய மன்னார் இப்போதும் தொங்குவதாகக் கேள்வி.

படம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொலைபேசிக் கடைக்குப் போனார் கொன்ஸ்ரன்ரைன்.

“அக்கா, படம்...”

“நில். ஆள் இஞ்சைதான் நிக்கிறாள். குடுக்கிறன்.”

அக்கா இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை. காதில் ஒரு மூச்சுக் கேட்டது.

“நான் யூலியானா கதைக்கிறன்.”

“ஓம்... சொல்லுங்கோ.”

“உங்களுக்குப் பின்னாலை ஒரு படம் சரிஞ்சு தொங்குது.”

“நான் அப்பத்தான் மாட்டிக்கொண்டு நிண்டனான்.”

“அது என்ன, சந்திரனோ?”

“பூமி.”

“ஆர் எடுத்தது?”

“மேலை போன ஆக்கள்.”

“ஆர் ரச் பண்ணினது?”

“ஒருத்தரும் இல்லை. இப்ப ஒருத்தரும் இல்லை.”

அந்தப் பக்கம் அந்தச் சிரிப்புக் கேட்டது. இந்தமுறை பின்னாலிருந்து அல்ல, காதுக்குள்ளேயே.

“கன்னத்திலை என்ன காயம்? சண்டையிலையோ?”

பேசாலைக்காரர் ஒரு கணம் யோசித்தார். “சைக்கிள். கையை விட்டு ஓடினனான். வேலி குறுக்கை வந்திட்டுது.”

“வேலிதான் குறுக்கை வந்ததோ?” என்றாள் யூலியானா. பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. “சரி. நானும் ஒரு படம் அனுப்புறன். அக்காவிட்டை அலுவலைத் தொடங்கச் சொல்லியிருக்கிறன். அந்தக் கோட்டை மட்டும் கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்திடாதைங்கோ. நான் ஒண்டு தைச்சுத் தாறன். அளவு அனுப்புங்கோ. கிளிப் போடாத அளவு.”

அவள் அனுப்பிய படம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் வந்து சேர்ந்தது. தையல் மெஷினுக்கு முன்னால், கழுத்தில் அளவுநாடாவோடு இருந்தாள். வலது கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மச்சமா, படம் கழுவிய இடத்தில் விழுந்த தூசியா என்று தெரியவில்லை. கொன்ஸ்ரன்ரைன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சரித்துப் பார்த்தார். தூசி என்றால் ஒரு தொடுகையில் போய்விடும். தூரிகை அங்கேயே, யன்னலடியில்தான் இருந்தது. கை தானாக நீண்டது.

பிறகு, தூரிகையை விட்டுவிட்டு, படத்தைச் சிஞ்ஞோராவின் நடைக்குக் கொண்டுபோய், “இது மச்சமோ தூசியோ, சிஞ்ஞோரா?” என்று கேட்டார்.

சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். “பௌதிகத்திலை இதுக்கு ஒரு வழிதான் இருக்கு” என்றார். “கிட்டப் போய்ப் பாக்கிறது.”

கொன்ஸ்ரன்ரைன் படத்தை அப்படியே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் வந்திறங்கும் நாளில் விமான நிலையத்துக்கு என்ன கொண்டுபோவது என்ற யோசனை அப்போதே தொடங்கிவிட்டது. பாண் கொண்டுபோனால், சப்பளியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.